கல்லூரிக்குள் கூரைபோட்ட கால்பந்துப் பயிற்சிக்கூடம்: ஆடிக்காற்றும் அடக்கச் செலவும்

ஆனி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைகிற காற்று, பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் ஆவணி வரைக்கும் ஓய்வதில்லை. அதற்குள் தூக்கி அடித்த பந்து எங்கே போய் இறங்கும் என்று அடித்தவனுக்கே தெரியாது. காற்று அடங்கி மூச்சு விடுவதற்குள் ஐப்பசி மழை. பங்குனி, சித்திரையில் காலை ஒன்பதரைக்கு மேல் மைதானம் கொதிக்கும். கல்லூரிப் பாடவேளை, போட்டிக் காலம் எல்லாம் கழித்துப் பார்த்தால், கூரை கேட்கிற பயிற்சியாளர் ஆடம்பரம் கேட்கவில்லை என்பது புரியும். 2018–19 ஐ-லீக் பட்டத்தைச் சென்னை சிட்டி அணி வென்றது கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்துத்தான். கால்பந்து இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை.

வேலையைத் தொடங்குமுன் நிர்வாகத்துக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஷெட்டுக்காரர் கொடுக்கிற கொட்டேஷன் மொத்தச் செலவில் பத்துக்கு நாலு பங்குதான். “ஏனுங்க, ஷீட்டு போட்டாச்சுன்னா வேலை முடிஞ்சுதுங்களே” என்பார். மிச்ச ஆறு பங்கு மண்ணுக்கு அடியிலும், தரையிலும், வரியிலும் இருக்கிறது. பணம் திரட்டக் கிளம்புவதற்கு முன்னால் அந்த ஆறு பங்கைக் காகிதத்தில் எழுதிவிட வேண்டும்.

எவ்வளவு பெரிசு

இணையத்தில் ‘கல்லூரி ஃபுட்பால் உள்ளரங்கம்’ என்று தேடினால் வருவது பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கு. அது வேறு ஆட்டம். 360 அடிக்கு 160 அடி களம், பனிச்சுமை தாங்கும் கூரை, உயர உதைக்கிற பந்துக்கு இடம் என்று எல்லாமே வேறு. அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஆர்க்கிடெக்டிடம் போனால் முதல் கூட்டத்திலேயே திட்டம் செத்துப்போகும். நம் கால்பந்துக்கும் முழுக்களத்தை மூடுவது வீண்தான். 105க்கு 68 மீட்டர் களத்தைச் சுற்றி இடம்விட்டுக் கூரை போட்டால் 8,500 சதுர மீட்டர் வரும். நடுவில் தூண் இல்லாமல் 75 மீட்டர் தாண்ட வேண்டும்.

பயிற்சிக்குத் தேவை முழுக்களம் இல்லை. வெளி நீளம் 54 மீட்டர், அகலம் 36 மீட்டர், ஆக 1,944 சதுர மீட்டர், ஏறத்தாழ 20,900 சதுர அடி: இந்த அளவைப் பரிந்துரைக்கக் காரணம் இருக்கிறது. உள்ளே 48க்கு 30 ஆட்டக்களம் கிடைக்கும். எழுவர் ஆட்டம் தாராளமாக ஆடலாம். நடுவில் ஒரு வலைத்திரையை இழுத்துவிட்டால் 30க்கு 24 வீதம் இரண்டு சிறு களம். முக்கியமானது மூன்றாவது பயன். முழு அளவு கோலை நீளப் பக்கத்தின் நடுவில் வையுங்கள். பெனால்டி ஏரியா 40.3 மீட்டர் அகலம், 16.5 மீட்டர் ஆழம். 48க்குள் அது அப்படியே உட்காரும், இரண்டு பக்கமும் நாலு மீட்டர் மிஞ்சும். ஃப்ரீகிக், பெனால்டி, கிராஸ், தற்காப்பு வரிசை எல்லாவற்றையும் உண்மையான அளவிலேயே பழகலாம். குறுக்குப் பக்கத்தில் மட்டும் கோல் வைத்துக் கோடு போட்டுவிட்டால் இந்த வசதி போய்விடும். கோடு போடும் நாளில் சொன்னால் காசே இல்லாமல் கிடைப்பது இது.

உயரத்தில் ஏமாறாதீர்கள். ஈவ் உயரம் (கூரை ஓரத்தின் உயரம்) 9 மீட்டர் என்று வரைபடத்தில் இருந்தால் பந்துக்கு 9 மீட்டர் கிடைக்காது. தூணும், கூரையைத் தாங்கும் சாய்வு உத்தரமான ராஃப்டரும் சேருகிற மூட்டில் இரும்பு ஒரு மீட்டர் அளவுக்குக் கீழே தொங்கும். அதே மூட்டுத்தான் அகலத்தையும் தின்னும்: இரண்டு பக்கத் தூண் ஆழம் போக 36 மீட்டரில் உள்ளே நிகரமாக 34 மீட்டர்தான் நம்பலாம். ஆகவே ஆர்டரில் ‘ஈவ் உயரம்’ என்று எழுதாமல், ‘தூண் முகத்தில் நிகர உயரம் 8 மீட்டர், நிகர அகலம் 34 மீட்டர்’ என்றே எழுதுங்கள். தூண்களுக்கு இரண்டு மீட்டர் உயரம் வரை மெத்தை சுற்ற வேண்டும். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் யாருடைய தோளாவது பெயரும்.

மண்ணைத் தோண்டிப் பார்ப்பது

கொங்கில் ஒரே வளாகத்துக்குள் மேற்கு மூலையில் செம்மண்ணும் சுக்கான்பாறையும், கிழக்கு மூலையில் கரிசலும் இருப்பது சாதாரணம். நாலு மூலைக்கும் நடுவுக்குமாக ஐந்து இடத்தில் துளைபோடச் சொல்லுங்கள். அறிக்கையில் ‘ஃப்ரீ ஸ்வெல் இண்டெக்ஸ்’ என்ற வரியைத் தேடுங்கள். 50 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். தூணைப் பாறைவரை இறக்கிக் காப்பாற்றிவிடலாம். தரையைத்தான் காப்பாற்ற முடியாது. கூரைக்கு நடுவில் காய்ந்தே இருக்கும் மண்ணும், ஓரத்தில் சாரலில் நனைகிற மண்ணும் வேறுவேறு அளவில் ஏறி இறங்கும். இரண்டாவது வருஷம் ஓரத்தில் அலை அலையாகத் தரை எழும்பும். பழி புல் போட்டவர் மேல் விழும்.

கரிசல் என்றால் ஒரு மீட்டர் வெட்டி எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்புங்கள். 20 சென்டிமீட்டர் அடுக்காக, ஒவ்வோர் அடுக்கும் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டி. 1,944 கன மீட்டர் என்பது 687 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). ரோலர் ஓடினால் இறுகும் என்பதால் கொண்டுவந்து கொட்ட வேண்டியது 850 யூனிட்டுக்கு மேல். யூனிட் 3,000 ரூபாய் என்று வைத்தாலே 25 லட்சம். இதே வளாகத்தில் செம்மண் மூலை ஒன்று காலியாக இருந்தால், ஹாஸ்டலிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளியிருந்தாலும் அங்கேயே போய்விடுங்கள். கிராவல் லாரி ஒவ்வொன்றுக்கும் கனிமவளத் துறை நடைச்சீட்டை வாங்கி வையுங்கள், தணிக்கையில் கேட்பார்கள்.

காற்று: பணம் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

இந்திய தரநிலை 875, மூன்றாம் பகுதி, கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர் என்கிறது. வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் அழுத்தம்: சதுர மீட்டருக்கு 912 நியூட்டன், சுமார் 93 கிலோ. இது தோராயம்; இடத்தின் உயரம், சுற்றுப்புறம் பார்த்துப் பொறியாளர் திருத்துவார். ஆனால் ஏமாற்றம் எங்கே நுழைகிறது என்று புரிந்துகொள்ள இது போதும்.

காற்று கூரையை மேலிருந்து உறிஞ்சும். அதோடு பக்கத் திறப்புகள் வழியாக உள்ளே புகுந்து கீழிருந்தும் தள்ளும். சுவரில் திறப்பு 5 சதவீதத்துக்குள் என்றால் இந்த உள்தள்ளலுக்கு 0.2 என்ற கெழு; 5 முதல் 20 சதவீதம் வரை 0.5, அதற்கு மேல் 0.7. மேலுறிஞ்சலை 0.8 என்று வைத்தால், மூடிய கட்டிடத்தில் மொத்தம் 1.0, திறந்த கட்டிடத்தில் 1.5. அதாவது சதுர மீட்டருக்கு 93 கிலோவும் 140 கிலோவும்.

இப்போது ஒரே ஒரு தூணை எடுங்கள். தூண்வரிசை 6.75 மீட்டருக்கு ஒன்று, 54 மீட்டருக்கு ஒன்பது வரிசை. ஒரு தூண் தாங்கும் கூரை 6.75க்கு 18 மீட்டர், 121.5 சதுர மீட்டர். கூரையின் சொந்த எடை சதுர மீட்டருக்கு 30 கிலோ கழித்தால், மூடிய கூடத்தில் அந்தத் தூணை மேல்நோக்கிப் பிடுங்கும் விசை ஏழரை டன். திறந்த கூடத்தில் 13 டன்னுக்கு மேல். இரண்டு மீட்டர் சதுரம், இரண்டு மீட்டர் ஆழக் குழியில் அரை மீட்டர் கான்கிரீட் போட்டு மண் மூடினால் கான்கிரீட் 5 டன், மேலே மண் 10 டன். முதல் கணக்குக்கு இது இரட்டை மடங்கு பத்திரம். இரண்டாவது கணக்குக்கு விளிம்பில் நிற்கும்.

கொட்டேஷனில் நடப்பது இதுதான். ‘மூடிய ஷெட்’ என்று 0.2ஐ வைத்துக் குறைந்த எடையில் விலை சொல்வார்கள். கட்டிக் கொடுத்ததும் கல்லூரி, வெக்கைக்குப் பயந்து மேற்கே பத்து அடி உயரத்துக்கு ஷீட்டைக் கழற்றி வலை போடும். அடுத்த ஆடியில் கூரை ஸ்க்ரூக்கள் ஓரத்திலிருந்து பிடுங்கிக்கொள்ளும், ஷீட் படபடக்கும், ஷீட்டைத் தாங்கும் குறுக்கு இரும்பான பர்லின் முறுக்கும். அம்மி பறக்கிற காற்றில் ஷீட் பறப்பது அதிசயமில்லை. யாரும் பொய் சொன்னதாகவும் ஆகாது. டிசைன் மூடிய கட்டிடத்துக்கு, நின்றது திறந்த கட்டிடம்.

ஆகவே பக்கச்சுவர் எப்படி இருக்கப்போகிறது என்பதை முதல் நாளே முடிவு செய்து, 0.7 என்ற எண்ணை டிசைன் அறிக்கையில் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். சோலார் எப்போதாவது போடுகிற யோசனை இருந்தால் அதற்கும் சதுர மீட்டருக்கு 15 கிலோ இப்போதே சேர்க்கச் சொல்லுங்கள். ஆனால் காற்றுக் கணக்கில் அந்த எடையைக் கழிக்கக் கூடாது, போடாமலே போனால் கூரை லேசாகத்தானே இருக்கும். ஷெட்டுக்காரரின் டிசைனை வெளி ஆள் ஒருவர் சரிபார்க்க வேண்டும். பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., ஜி.சி.டி., பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் சிவில் துறைக்காரர்கள் இருக்கும் ஊர் இது. ஒரு பொறியியல் கல்லூரியே கட்டுவதானாலும் தன் சொந்தத் துறையிடம் விடாமல் வெளியே கொடுப்பது நல்லது. உள்ளூர்ப் பேராசிரியரால் தாளாளரிடம் ‘முடியாது’ என்று சொல்ல முடியாது.

சுவர் அமைப்பு எங்கள் கணக்கில் இப்படி. மேற்கும் தென்மேற்கும் தரையிலிருந்து நாலரை மீட்டருக்கு ஷீட் மூடி, அதற்கு மேல் லூவர் (காற்று புக இடைவெளி விட்ட சாய்வுப் பட்டைகள்). இல்லையென்றால் உழவு நாளில் பறக்கிற செம்மண் புழுதி புல்லுக்குள் இறங்கி, முதல் சாரலில் இறுகி, அந்தப் பகுதி சிமெண்டாகிவிடும். கிழக்கும் வடக்கும் அறுபது சென்டிமீட்டர் கட்டை மதில், அதற்கு மேல் வலை. நீள அச்சு கிழக்கு மேற்காக இருந்தால் மேல்காற்று குறுகிய 36 மீட்டர் முகத்தில் அடிக்கும், சாய்வெயிலும் குறைவாக நுழையும்.

வெக்கை, விளக்கு, மழைத்தண்ணீர்

வெறும் ஷீட்டுக்குக் கீழே சித்திரை மதியம் நின்று பார்த்தவர்கள் இன்சுலேஷனை வெட்ட மாட்டார்கள். கண்ணாடிக் கம்பளியோ நுரைத்தாளோ, ஷீட்டுக்கு அடியில் கம்பிவலை விரித்து அதன்மேல் உட்கார வேண்டும். பந்து பட்டால் கிழிந்து தொங்குகிற வகையில் ஒட்டுவது வேலைக்காகாது. முகட்டில் முழு நீளத்துக்கும் வென்டிலேட்டர். 24 அடி விட்டமுள்ள பெரிய விசிறி நாலு. ஒவ்வொன்றும் ஒன்றரை கிலோவாட்தான் எடுக்கும். அதைத் தொங்கவிடும் இடத்தையும் எடையையும் டிசைனரிடம் முன்பே சொல்ல வேண்டும். மூட்டுக்கு மேலே, பந்து எட்டாத உயரத்தில், கூண்டோடு. கூரையில் ஆறேழு சதவீதம் பாலிகார்பனேட் ஷீட் போட்டால் பகலில் விளக்கு வேண்டாம். அதற்கு மேல் போனால் வெளிச்சத்தோடு வெயிலும் இறங்கும்.

இரவுப் பயிற்சிக்குத் தரையில் 300 லக்ஸ் வெளிச்சம் போதும். 1,944ஐ 300ஆல் பெருக்கி, விளக்கின் ஒளியில் பாதிதான் தரைக்கு வரும் என்று எடுத்தால் 11 லட்சம் லுமனுக்கு மேல் தேவை. வாட்டுக்கு 130 லுமன் என்றால் 200 வாட் எல்.இ.டி. 45. வரிசைகளைப் பக்கக் கோட்டை ஒட்டி ஓட்டுங்கள். கோலுக்கு நேர் மேலே விளக்கு வைத்தால் உயரப்பந்தைப் பார்க்கும் கோல்கீப்பருக்குக் கண் கூசும்.

மழை: ஒரு மணிக்கு 100 மில்லிமீட்டர் கொட்டுகிற பத்து நிமிஷத்துக்குக் கூரையிலிருந்து நொடிக்கு 54 லிட்டர் இறங்கும், பக்கத்துக்கு 27. நடு வாய்க்கால் வருகிற இரட்டைக் கூரை வேண்டவே வேண்டாம். சருகும் பஞ்சும் அடைத்து உள்ளே கொட்டும். இரண்டு பக்கமும் வெளியே கட்டர் (கூரையோர மழைநீர் வாய்க்கால்), ஒரு தூண் விட்டு ஒரு தூணில் 160 மில்லிமீட்டர் பைப். ஆண்டு மழையை 600 மில்லிமீட்டர் என்று குறைத்தே வைத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 9 லட்சம் லிட்டருக்கு மேல். போர்வெல் வற்றுகிற வளாகங்களுக்கு இது லேசான எண் இல்லை. நன்கொடையாளர்களிடம் பேசும்போது கால்பந்தைவிட இந்த எண் சில பேரை அசைக்கும்.

புறா. திறந்த பக்கமுள்ள கூடத்தில் ராஃப்டரின் கீழ்ப்பட்டை அவற்றுக்குக் கட்டிக்கொடுத்த திண்ணை. லூவருக்கும் முகட்டு வென்டிலேட்டருக்கும் உள்பக்கம் பறவை வலையைக் கூரை வேலையோடு சேர்த்தே போட்டுவிடுங்கள். பிறகு போட மறுபடி கிரேன் கூப்பிட வேண்டும். மயிலுக்கு மதில்மேல் வலையே போதும்.

புல்

50 மில்லிமீட்டர் செயற்கைப் புல், மணலும் ரப்பர் குருணையும் நிரப்பியது. 52க்கு 34 மீட்டர், 1,768 சதுர மீட்டர். நாலு மீட்டர் அகல ரோல் பதின்மூன்று, ஒவ்வொன்றும் 34 மீட்டர் நீளம், குறுக்கு ஒட்டே இல்லாமல். அடித்தளம் ஜல்லிக்கலவை, மூன்று மீட்டர் நேர்க்கோலை எங்கே வைத்தாலும் அடியில் 10 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. தெரிந்தால் புல்லை விரிக்க விடாதீர்கள். விரித்தபின் சரிசெய்ய வழி கிடையாது.

திருட்டு நடப்பது நிரப்பியில். புல் கண்ணுக்குத் தெரியும், நிரப்பி தெரியாது. சதுர மீட்டருக்கு மணல் 18 கிலோ, ரப்பர் 9 கிலோ என்று ஆர்டரில் இருந்தால், மணல் 50 கிலோ மூட்டையில் 636 வர வேண்டும். ரப்பர் 25 கிலோ மூட்டையில், அதுவும் 636. வாட்ச்மேனிடம் ஒரு நோட்டு கொடுத்து இறக்கும்போது எண்ணச் சொல்லுங்கள், காலிச் சாக்கையும் வேலை முடியும்வரை வெளியே போக விடாதீர்கள். நிரப்பி குறைந்தால் இழை படுத்துவிடும், முட்டி தரையில் உரசும், எட்டு வருஷப் புல் நாலு வருஷத்தில் போகும்.

பொள்ளாச்சி பக்கத்திலிருந்து நார்த்தூளை நிரப்பியாகப் போடலாமே என்ற யோசனை அடிக்கடி வரும். தென்னை நாரும் கார்க்கும் கலந்த நிரப்பி உலகத்தில் உண்டு. ஈரம் இருந்தால்தான் அது மெத்தென்று இருக்கும். கூரைக்குக் கீழே காய்ந்து தூளாகி மூக்கில் ஏறும். தண்ணீர் தெளிக்க ஆள் இருக்கிறவர்கள் மட்டும் யோசிக்கலாம். ரப்பர் குருணை விற்பனைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2031 அக்டோபரிலிருந்து தடை வைத்திருக்கிறது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை புல் மாற்றும்போது சந்தையே வேறாக இருக்கும்.

கணக்கு

கீழே உள்ள விலைகள் கணக்குப் போட வைத்துக்கொண்டவை. உங்கள் கொட்டேஷன் வந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள். விகிதம்தான் முக்கியம். இரும்பு சதுர மீட்டருக்கு 35 கிலோ, 68 டன், நிறுத்திக் கொடுக்கக் கிலோ 120 ரூபாய் என்றால் 81.6 லட்சம். ஷீட், வென்டிலேட்டர், கட்டர் 22 லட்சம். ஷெட்டுக்காரர் தருவது இதுவரைதான்: 1 கோடியே 3.6 லட்சம். இனி அஸ்திவாரம், தூணை அதில் பிடிக்கும் ஆங்கர் போல்ட் 20 லட்சம். செம்மண் நிலத்தில் தரை அடுக்குகள் 17.5, புல் 17.7, கோல், வலை, மெத்தை 6, விளக்கு, கேபிள், விசிறி 16, கழிப்பறை, உடைமாற்றும் அறை, வடிகால், பாதை 18. கூட்டினால் 1 கோடியே 98.8 லட்சம். ஆர்க்கிடெக்ட், மண் பரிசோதனை, சரிபார்ப்பு, அனுமதிக்கு 5 சதவீதம். இதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஏறத்தாழ 37.6 லட்சம். கல்விச் சேவைக்கு வரிவிலக்கு இருப்பதால் கட்டுமானத்தில் கட்டிய இந்த வரியை எங்கேயும் கழித்துக்கொள்ள முடியாது. அது முழுச் செலவு. எதிர்பாராத செலவுக்குக் கைக்காவலாக 16 லட்சம். மொத்தம் 2 கோடியே 62 லட்சம். கரிசலாக இருந்தால் இன்னொரு 25 லட்சமும் அதன் வரியும்.

பணம் எங்கிருந்து

திருப்பூரிலும் கரூரிலும் ‘சி.எஸ்.ஆர். நிதி கேட்கலாம்’ என்று கிளம்புமுன் ஒன்றைப் பாருங்கள். லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்கிற கம்பெனிச் சட்டத்தின் அந்தக் கடமை கம்பெனிகளுக்கு மட்டும்தான். அதிலும் முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றை எட்டியவற்றுக்கு. நல்ல வசதியுள்ள எத்தனையோ பனியன் நிறுவனங்கள் கம்பெனிகள் அல்ல, பார்ட்னர்ஷிப் நிறுவனங்கள், அவர்களிடம் சி.எஸ்.ஆர். விண்ணப்பம் நீட்டினால் சிரிப்பார்கள். அவர்களிடம் நன்கொடையாகக் கேளுங்கள்.

கம்பெனியிடம் போனால், அறக்கட்டளை, அந்த நிதியை வாங்கத் தேவையான சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண் வைத்திருக்க வேண்டும். சட்ட அட்டவணையில் கிராமப்புற விளையாட்டு, அங்கீகாரம் பெற்ற விளையாட்டு, ஒலிம்பிக், பாராலிம்பிக் விளையாட்டுப் ‘பயிற்சி’ என்றுதான் இருக்கிறது. ஆகவே விண்ணப்பத்தில் கட்டிடத்தை முன்னால் வைக்காமல், சுற்றியுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் எத்தனை மணி நேரம் பயிற்சி என்பதை முன்னால் வையுங்கள். சொன்னதை நடத்தவும் வேண்டும். பல வருஷத் திட்டம் என்று கம்பெனி அறிவித்தால், தொடங்கிய ஆண்டு போக மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்கலாம். மார்ச் மாதம் அவசரமாகக் கேட்பதைவிட, ஆவணி வாக்கில் பேசத் தொடங்குவது பலன் தரும்.

தனிப்பட்ட நன்கொடையில் மூன்று இடத்தில் கால் வழுக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமானவரிக் கழிவு (80ஜி என்று பேசப்படுவது) கிடையாது. புதிய வரிமுறையில் இருப்பவருக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது. கடைசியானது நம் பக்கத்தில் அடிக்கடி வரும். ‘கிராவல் நான் அடிச்சுத் தர்றனுங்க’, ‘கிரேன் என்னுதுங்க’ என்பவர்களிடம் நன்றியோடு வாங்கிக்கொள்ளுங்கள், ரசீது மட்டும் பணத்துக்கு எழுதிவிடாதீர்கள். வெளிநாட்டுப் பழைய மாணவர்: இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர், ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினருக்கானது) இருந்தாலும், அனுப்புவது வெளிநாட்டு நிதி, வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டப்படியான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாமல் தொடக் கூடாது.

வாக்குக் கொடுத்த தொகையை வரவில் எழுதாதீர்கள். கையில் வந்தது, வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டது இரண்டும் சேர்ந்து 70 சதவீதம் ஆகாமல் இரும்புக்கு ஆர்டர் போட வேண்டாம். தூண் நிறுத்திக் கூரையில்லாமல் நிற்கும் கூடம் ஒவ்வொரு கூட்டத்திலும் எல்லோர் வாயிலும் விழும். 80 லட்சம் கடன், 10 சதவீதம், ஏழு வருஷம் என்றால் மாதம் 1.33 லட்சம் தவணை. 2,000 மாணவர் படிக்கும் கல்லூரியில் அது தலைக்கு வருஷம் 800 ரூபாய். அதை ‘கட்டிட நிதி’ என்று மாணவரிடம் கட்டாயமாக வாங்க நினைக்காதீர்கள். 1992ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு நன்கொடைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அரசுக் கல்லூரியாக இருந்தால் வழி வேறு: ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் கட்டினால் மிச்சத்தை அரசு போடும். பழைய மாணவர் சங்கத்துக்கு இது நல்ல கருவி.

ஒப்பந்தமும் நாட்காட்டியும்

கிலோ கணக்கில் பேசினால் எடை ஏறும். மொத்தத் தொகையாகப் பேசினால் தகடு மெலியும். மொத்தத் தொகையாகவே பேசி, சரிபார்த்த வரைபடத்தின் தகடு தடிமனை ஒப்பந்தத்தோடு இணையுங்கள். லாரி வந்ததும் எடைமேடைச் சீட்டு, மில் சான்றிதழ், வெர்னியர் வைத்துப் பத்து இடத்தில் தடிமன். முன்பணம் 10 சதவீதம், வங்கி உத்தரவாதத்துக்கு எதிராக மட்டும். இரும்பு வளாகத்துக்குள் இறங்க இறங்க 45, நிறுத்தி முடித்ததும் 25, ஷீட் முடிந்ததும் 15. மீதி 5 சதவீதம் ஓர் ஆடியும் ஓர் ஐப்பசியும் தாண்டிய பிறகு.

அனுமதிக்கு நகர் ஊரமைப்பு, உள்ளாட்சி, தீயணைப்பு வழக்கமானவை. பேரூர், தொண்டாமுத்தூர், மதுக்கரை, ஆனைமலை மலையடிவாரக் கிராமங்களில் ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) அனுமதி தனி. அதற்கு நேரம் ஒதுக்குங்கள். பீளமேடு, சூலூர் பக்கம், விமான நிலையத்தை ஒட்டிக் கட்டிடம் எவ்வளவு உயரலாம் என்று காட்டும் வரைபடத்தையும் பார்த்துவிடுங்கள். கூடம் 11 மீட்டர் என்றாலும் கிரேன் கை அதைவிட உயரம்.

மண் பரிசோதனை கார்த்திகையில், மண் நனைந்து மோசமாக இருக்கும்போது. தை, மாசியில் குழி. வைகாசி முடிவதற்குள் கூரை ஷீட் ஏறிவிட வேண்டும். ஆங்கர் போல்ட் போட்ட அன்றே டெம்ப்ளேட்டோடு அளந்து எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் தூண் நிறுத்தும் அன்று தூணின் அடித்தகடான பேஸ் பிளேட்டில் கேஸ் கட்டரால் ஓட்டை பெரிதாக்குவார்கள், 13 டன் பிடிக்க வேண்டிய போல்ட் அங்கேயே பலம் இழக்கும். ஆனி, ஆடியில் ஷீட் ஏற்ற ஆள் கேட்டால் மறுத்துவிடுங்கள். ஆறு மீட்டர் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு கூரைமேல் நிற்பவனுக்கு அது பாய்மரம். தாமதமானால் புரட்டாசிக்குத் தள்ளுங்கள். புல் ஒட்டுவதும் ஈரக்காற்று நாளில் வேண்டாம், பசை பிடிக்காது.

நடத்துகிற செலவு

விளக்கு 9 கிலோவாட், நாளுக்கு மூன்று மணி. விசிறி 6 கிலோவாட், நாலு மணி. 250 நாளுக்கு 12,750 யூனிட். யூனிட் 9 ரூபாய் என்றால் 1.15 லட்சம். ஒரு பராமரிப்பாளர் மாதம் 15,000, வருஷம் 1.8 லட்சம். நிரப்பி, வலை, ஸ்க்ரூ இறுக்குதல், பெயிண்ட் என்று ஒன்றரை லட்சம். எட்டு வருஷத்தில் புல் மாற்ற, விலை ஏற்றத்தையும் சேர்த்து, வருஷம் மூன்றரை லட்சம் தனி வைப்பில். மொத்தம் 8 லட்சத்தை ஒட்டி. கட்டிடத்துக்குப் பெயர் வைக்க நன்கொடையாளர் கிடைப்பார். ஸ்க்ரூ இறுக்கக் கிடைக்க மாட்டார். ஆகவே பெரிய நன்கொடை வாங்கும்போதே பத்தில் ஒரு பங்கு வைப்புநிதிக்கு என்று பேசிக்கொள்ளுங்கள்.

இரவில் வாடகைக்கு விடலாம். 200 நாள், இரண்டு மணி, மணிக்கு 1,000 ரூபாய் என்றால் 4 லட்சம். ஆனால் விலக்குள்ள கல்விச் சேவை மட்டும் செய்கிற அறக்கட்டளை, வரிக்குரிய வாடகை ஒரு ரூபாய் வாங்கினாலும், கல்விக் கட்டணமும் சேர்ந்தே விற்றுமுதல் வரம்புக்குக் கணக்காகும், ஜி.எஸ்.டி. பதிவு வந்து நிற்கும். அதே நேரத்தில் வருமானவரிப் பதிவுள்ள அறநிறுவனம் நடத்துகிற விளையாட்டுப் பயிற்சிக்கு விலக்கு உண்டு. வாடகைக்கு விடாமல் மாலைநேரப் பயிற்சி வகுப்பு நடத்திக் கட்டணம் வாங்கலாமா என்று ஆடிட்டரிடம் முதலிலேயே கேளுங்கள். பெரும்பாலும் அதுதான் கட்டுப்படியாகும்.

புல்லுக்கு வாரம் ஒருமுறை பிரஷ், அதிலும் பெனால்டி புள்ளியிலும் கோல் வாயிலும் தினமும். நிரப்பி முதலில் ஓடுவது அங்கேதான். அரை மூட்டை ரப்பரும் ஒரு வாளியும் ஸ்டோரில் எப்போதும் இருக்கட்டும். வைகாசிக் கடைசி வாரம் ஓர் ஆளை ஏற்றி, மேற்கு ஓரம் முதல் இரண்டு மீட்டர் கூரை ஸ்க்ரூ அத்தனையும் ஒவ்வொன்றாக இறுக்கச் சொல்லுங்கள்.